சிகரெட்டை மறந்த உடம்பு: ஒரு நோயாளி, ஒரு மூளைப் பகுதி, ஒரு நிகழ்வு ஆய்வு

14 வயதில் புகைக்கத் தொடங்கியவர் அவர். 28 வயதில் பக்கவாதம் வந்தபோது நாளொன்றுக்கு 40 சிகரெட்டுக்கு மேல் ஊதிக்கொண்டிருந்தார். தூங்கும் நேரம் போகக் கணக்கிட்டால் 25 நிமிடத்துக்குள் ஒன்று. புகைப்பது அவருக்குப் பிடித்திருந்தது, விட வேண்டும் என்று நினைத்தவரும் இல்லை. பக்கவாதம் அவருடைய மூளையில் இன்சுலா என்ற பகுதியைச் சேதப்படுத்தியது. அதோடு சிகரெட்டும் நின்றுபோனது. நிறுத்துவதற்கு எந்த முயற்சியும் எடுத்ததாக அவருக்கே நினைவில்லை. எப்படி விட்டீர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்டபோது, புகைக்க வேண்டும் என்ற உந்துதலையே தன் உடம்பு மறந்துவிட்டது என்றார்.

நாசிர் நக்வி, டேவிட் ருட்ராஃப், ஹன்னா டமாசியோ, அன்டுவான் பெஷாரா ஆகிய நால்வரும் 2007 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையில் இவருடைய கதை வருகிறது. பெயருக்குப் பதில் ஒரே ஓர் எழுத்தால் மட்டும் அவரைக் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் மூளைப் பாதிப்பு அடைந்தவர்களின் விவரங்களைப் பல ஆண்டுகளாகத் திரட்டி வைத்திருக்கிறது. அந்தப் பதிவேட்டிலிருந்து கிளம்பிய ஆய்வு இது. போதைக்கு அடிமையாவது மூளையையும் யோசனையையும் என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது இந்த ஒருவரின் கதையைத்தான். 'மனசு வச்சா விடலாம்' என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லப்படும் வார்த்தையை இது நேருக்கு நேர் கேள்வி கேட்கிறது. மனதே வைக்காத ஒருவர் இங்கே விட்டிருக்கிறார்.

மருத்துவமனையில் கண்டது

மருத்துவமனையில் இவருடன் அதே அறையில் இருந்த இன்னொரு நோயாளி அடிக்கடி வெளியே போய்ப் புகைத்துவிட்டு வருவார். திரும்பி வரும்போது அந்த ஆளிடமிருந்து வந்த நெடி இவருக்குக் குமட்டியது. தாங்க முடியாமல், தன்னை வேறு அறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். சில நாள் முன்புவரை இரண்டு பாக்கெட் புகைத்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். இன்னொன்றையும் அவராகவே சொன்னார். பக்கவாதத்துக்கு முன் அவருடைய கனவுகளில் புகைப்பது இன்பமாக இருந்தது. பிறகு கனவில் புகைத்தால்கூட அருவருப்பாக இருந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது அந்தக் கனவுதான். விழித்திருக்கும்போது பயத்தாலோ, மருத்துவர் சொன்னதாலோ, மனைவி மக்களின் முகத்தைப் பார்த்தோ ஒருவர் சிகரெட்டைத் தள்ளி வைக்கலாம். கனவில் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. சிகரெட்டை விட்டுப் பல மாதம் ஆனவர்கள் கனவில் புகைத்துவிட்டுப் பதறி எழுவது உண்டு. இவருக்கு அந்த இடத்திலும் ஆசை இல்லை.

வேறு காரணங்கள் இருக்கலாமா?

எந்த நிகழ்வு ஆய்விலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. முதலில் தோன்றுவது உயிர்ப் பயம். பக்கவாதம் வந்தவர் பயந்து விட்டிருக்கலாமே? புகைப்பழக்கம் தன் பக்கவாதத்துக்கு ஏதோ ஒரு வகையில் காரணம் என்று அவர் பின்னாளில் நம்பினார். ஆனாலும் அதற்காக விடவில்லை என்று தெளிவாகச் சொன்னார். பயத்தால் விடுபவருக்கும் ஆசை உள்ளே இருந்துகொண்டுதான் இருக்கும், அதை அடக்கிக்கொண்டிருப்பார். இங்கே அடக்குவதற்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

மருத்துவமனையில் புகைக்க முடியாததால் பழக்கம் தானாக விட்டுப் போயிருக்கும் என்றும் சொல்ல முடியாது. நிக்கோட்டின் திடீரென நின்றால் முதல் சில நாட்களில்தான் எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல், வெறி எல்லாம் உச்சத்தில் இருக்கும். 40 சிகரெட் ஆளுக்கு அது சும்மா கடந்து போகாது. மறதியும் காரணமில்லை, தான் புகைத்த காலம் முழுக்க அவருக்கு நினைவிருந்தது. மூளையில் புகைக்கத் தூண்டிய ஏதோ ஒரு பகுதியைப் பக்கவாதம் அழித்திருக்குமா என்று கேட்டபோது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

ஒருவரிலிருந்து 69 பேருக்கு

ஒரே நோயாளியை வைத்து எதையும் நிறுவ முடியாது. அதனால் நக்வியின் குழு பதிவேட்டை அலசியது. மூளைப் பாதிப்பு வந்த சமயத்தில் தினமும் 5 சிகரெட்டுக்கு மேல், 2 ஆண்டுக்கு மேல் புகைத்து வந்த 69 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 19 பேருக்கு இன்சுலா பாதித்திருந்தது. மற்ற 50 பேருக்கு மூளையின் வேறு பகுதிகளில் பாதிப்பு.

விட்டவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. இன்சுலா பாதித்த 19 பேரில் 13 பேர் விட்டிருந்தார்கள், மற்ற 50 பேரில் 19 பேர். குழு கேட்ட அடுத்த கேள்வியில்தான் விஷயம் துலங்கியது: எப்படி விட்டார்கள்? பாதிப்பு வந்த ஒரே நாளுக்குள் விட்டாரா, சிரமமில்லாமல் விட்டாரா, அதன்பின் ஒருமுறையும் புகைக்காமல் இருந்தாரா, ஆசையே எழாமல் இருந்ததா? இந்த நான்குக்கும் ஆம் என்றால் மட்டுமே அடிமைநிலை அறுந்தது என்று கணக்கில் எடுத்தார்கள். இன்சுலா பாதித்து விட்ட 13 பேரில் 12 பேர் இந்த வகை. மற்றக் குழுவில் விட்ட 19 பேரில் 4 பேர்தான். மீதி 15 பேர் ஊரில் எல்லோரும் விடுவதைப் போல, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டவர்கள்.

விடுவதும் ஆசை அறுவதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு எண்களை நான் பார்த்ததில்லை.

இன்சுலா அங்கே என்ன செய்கிறது

மூளையின் பக்கவாட்டில் ஓடும் ஆழமான பிளவை விரித்துப் பார்த்தால்தான் இன்சுலா கண்ணுக்குத் தெரியும். உடம்புக்குள்ளிருந்து வரும் செய்திகள் அங்கே வந்து சேர்கின்றன: இதயத் துடிப்பு, வயிற்றின் நிலை, குடலின் அசைவு, தொண்டையின் உறுத்தல், சூடு, வலி, சுவை, அருவருப்பு. பசிக்கிறது, படபடக்கிறது, குமட்டுகிறது என்று நாம் உணர்வதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

புகைப்பவர்களின் பேச்சைக் கவனித்தால் இது உடனே பிடிபடும். ஆசையை அவர்கள் ஓர் எண்ணமாக விவரிப்பதில்லை. 'நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கு', 'வாய் நமநமங்குது', 'கை சும்மா இருக்க மாட்டேங்குது' என்பார்கள். 'காலைல ஒரு தம் போட்டாத்தான் வெளிக்கி வரும்' என்று சொல்லாத பீடிக்காரர் நம் ஊரில் அபூர்வம். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது கச்சிதமான மருத்துவக் குறிப்பாகவே படுகிறது. நிக்கோட்டின் குடலின் அசைவைத் தூண்டக்கூடியது. தினமும் அதே நேரம், அதே பீடி, அதே வயிற்றுணர்வு என்று வருடக்கணக்கில் ஓடினால், பீடி உடம்பின் அன்றாட ஒழுங்கில் ஓர் அங்கமாகிவிடுகிறது. அது இல்லாத காலை உடம்புக்கே குறையுள்ள காலையாகத் தெரிகிறது. புகை தொண்டையில் இறங்கும்போது வரும் காரலும் அப்படித்தான். முதல்முறை இருமலை வரவழைத்த அதே காரல், பழகியவருக்குச் சுகமாகிவிடுகிறது.

நிக்கோட்டினின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. இழுத்த புகையிலிருந்து அது மூளையைத் தொடச் சில நொடிகள் போதும். ஒன்றிரண்டு இழுப்பிலேயே மூளையில் நிக்கோட்டின் வந்து ஒட்டும் முக்கிய ஏற்பிகளில் பாதியளவு நிரம்பிவிடுகின்றன என்று மூளைப் படமெடுப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு முழு சிகரெட்டில் ஏறத்தாழ அத்தனையும் நிரம்புகின்றன. தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. அவை வெறுமையாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடம்பு எதையோ கேட்பதாக உணர்கிறது.

பிடிப்பது வேறு, வேண்டுவது வேறு

மூளையின் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனங்களில் ஒன்றான டோபமைனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை 'இன்ப ரசாயனம்' என்று எழுதி எழுதிக் குழப்பி வைத்திருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளிடம் செய்த சோதனை இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. டோபமைனை ஏறக்குறைய முழுவதும் இழந்த எலிகள் முன்னால் உணவு இருந்தாலும் போய்த் தின்பதில்லை. விட்டால் பட்டினியாகவே கிடக்கும். அதே எலியின் வாயில் சர்க்கரை நீரை ஊற்றினால் ருசித்து நாக்கைச் சுழற்றுகிறது. ருசி போகவில்லை. தேடிப் போகும் உந்துதல் போய்விட்டது. இதை வைத்து பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் 1993-ல் முன்வைத்த கோட்பாடு, அடிமைநிலையில் 'வேண்டும்' என்பது வளர்ந்துகொண்டே போகிறது, 'பிடிக்கிறது' என்பது அதோடு வளர்வதில்லை, குறையவும் செய்யலாம் என்கிறது.

பல வருடம் குடித்தவர்களிடம் பேசிப் பாருங்கள். இப்போதெல்லாம் குடியில் சந்தோஷம் ஒன்றும் இல்லை என்று அவர்களே சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சாயங்காலம் கடைக்குப் போவார்கள். கேட்கும் குடும்பத்துக்கு அது பொய்யாகத் தெரியும், நடிப்பாகத் தெரியும். இரண்டும் ஒரே மூளையில் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

யோசனைக்கு என்ன ஆகிறது

பெஷாராவும் ஹன்னா, அன்டோனியோ டமாசியோ தம்பதியினரும் சக ஆய்வாளர்களும் 1994-ல் ஒரு சீட்டு விளையாட்டை வடிவமைத்தார்கள். விளையாடுபவர் கையில் 2000 டாலர் பொய்ப் பணம். முன்னால் நான்கு சீட்டுக் கட்டுகள். இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் வரும், ஆனால் இடையிடையே பெரிய அபராதம் விழும். பத்துச் சீட்டு எடுத்தால் முடிவில் 250 டாலர் நட்டம். மற்ற இரண்டு கட்டுகளில் சீட்டுக்கு 50 டாலர்தான், அபராதமும் சிறியது. பத்துச் சீட்டுக்கு 250 டாலர் லாபம். கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை, எடுத்து எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நல்ல மூளை உள்ளவர்கள் சிறிது நேரத்தில் சிறிய லாபக் கட்டுகளுக்கு மாறிவிடுகிறார்கள். எந்தக் கட்டு மோசம் என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே, அந்தக் கட்டின் பக்கம் கை போகும்போது உள்ளங்கை வியர்க்கிறது. உடம்பு முதலில் எச்சரிக்கிறது, புரிதல் பின்னால் வருகிறது. நெற்றிக்குப் பின்னால், அடிப்பக்கத்தில் உள்ள முன்மூளைப் பகுதி சேதமானவர்களுக்கு அந்த வியர்வை வருவதில்லை. அவர்கள் 100 டாலர் கட்டையே பிடித்துத் தொங்குகிறார்கள். மதுவுக்கும் மற்ற போதைப்பொருளுக்கும் அடிமையானவர்களை 2001-ல் இதே விளையாட்டில் உட்கார வைத்தபோது, அவர்களில் கணிசமானோர் மூளைச் சேதம் உள்ளவர்களைப் போலவே ஆடினார்கள். அவர்களுக்கு அறிவுக் குறைவு ஏதும் இல்லை. நாளைய நட்டம் அவர்கள் உடம்பில் உறைக்கவில்லை.

இதையும் இன்சுலா நோயாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. நாளை வரப்போகும் கேட்டை உடம்பில் உணர்த்த வேண்டிய எச்சரிக்கை மங்கிப்போகிறது, இப்போதே வேண்டும் என்ற உடம்பின் குரல் ஓங்குகிறது. இடையில் மாட்டிய யோசனை, நீதிபதியாக இருக்க வேண்டியது, ஆசையின் வக்கீலாக மாறிவிடுகிறது. 'ஒண்ணே ஒண்ணு', 'இன்னிக்கு டென்ஷன்', 'பொங்கல் முடியட்டும்', 'பாட்டி தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சா'. இந்த வாதங்களைச் சொல்பவர் முட்டாள் இல்லை. வேறு யாராவது தன்னிடம் இதே வாதத்தை வைத்தால் ஒரு நொடியில் உடைத்துவிடுவார். இன்சுலாவின் சமிக்ஞை முன்மூளையின் கவனத்தையும் திட்டமிடலையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்று நக்வியும் பெஷாராவும் பின்னாளில் விரித்து எழுதினார்கள். சிகரெட் வாங்க நள்ளிரவில் நான்கு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போகிறவருக்குத் திட்டமிடும் ஆற்றல் குறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? ஆற்றல் அப்படியே இருக்கிறது, எதற்கு வேலை செய்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

ஒத்துப்போகாதவை

2007 கட்டுரையின் பலவீனங்களை மறைக்கக் கூடாது. நோயாளிகள் பழைய நினைவிலிருந்து சொன்ன பதில்கள்தான் அதன் ஆதாரம். பக்கவாதம் இன்சுலாவை மட்டும் தனியாகத் தாக்குவது அரிது, பக்கத்துப் பகுதிகளும் சேர்ந்தே பாதிக்கும். இன்சுலா பாதித்த 19 பேரில் 6 பேர் தொடர்ந்து புகைத்தார்கள். போலந்தில் 2010-ல் நடந்த ஓர் ஆய்வில் இன்சுலா பாதிப்புக்கும் புகைப்பதை விடுவதற்கும் தொடர்பு தெரியவில்லை. மாறாக, அமெரிக்காவின் ராச்செஸ்டரில் பக்கவாதம் வந்த 156 புகைப்பழக்கக்காரர்களை அந்த நாளிலிருந்தே பின்தொடர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் கழித்து இன்சுலா பாதித்தவர்களில் 70 சதவீதமும் மற்றவர்களில் 37 சதவீதமும் விட்டிருந்தார்கள்.

இன்சுலா பாதிக்காமலேயே ஆசை அறுந்த அந்த 4 பேருக்கு அது எப்படி நடந்தது என்ற கேள்விக்கு 2022-ல் ஒரு பதில் வந்தது. பின்லாந்தின் யுஹோ யூட்சாவும் அமெரிக்க ஆய்வாளர்களும் அயோவா, ராச்செஸ்டர் இரண்டையும் சேர்த்து 129 பேரின் மூளைப் பாதிப்புகளைப் பார்த்தார்கள். ஆசை அறுந்தவர்களின் காயங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தன. ஆனால் அந்த இடங்கள் எல்லாம் ஒரே இணைப்பு வலையில் அமைந்திருந்தன. இன்சுலா அந்த வலையின் ஒரு கண்ணி. அதே வலை குடிக்கு அடிமையாகும் அபாயத்தோடும் பொருந்தியது. 'போதைக்கான இடம்' என்று மூளையில் ஒரு புள்ளியைக் காட்டிப் படம் போடும் கட்டுரைகளை இனி அப்படியே நம்பத் தேவையில்லை.

இன்னொரு பெரிய எதிர்ச்சாட்சி, மூளையில் எந்தக் காயமும் படாதவர்களிடமிருந்து வருகிறது. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாகி, 1971 செப்டம்பரில் அமெரிக்கா திரும்பிய சிப்பாய்களைச் சமூகவியலாளர் லீ ராபின்ஸ் பின்தொடர்ந்தார். அங்கிருந்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். அப்படி அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் 5 சதவீதம் மட்டுமே. மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொண்டால், கொஞ்ச காலமாவது மறுபடி சிக்கியவர்கள் 12 சதவீதம். ஹெராயின் மலிவாகக் கிடைத்த இடம் போனது, போர் போனது, கூடப் புகைத்த கூட்டம் கலைந்தது. உடம்பின் குரலைக் கிளப்பும் தூண்டுதல்கள் அங்கேயே தங்கிவிட்டன. அடிமைநிலை ஒரு மூளை நோய் என்று சொன்னவுடன் விதி முடிந்தது என்று நினைப்பவர்களிடம் இந்த எண்களைக் காட்டுவேன். டீக்கடை, கிளாஸ் டீ, அதே நண்பர்கள், அதே பெஞ்ச் என்று இருந்துகொண்டு விட முயல்பவருக்கு அந்தச் சிப்பாய்களுக்குக் கிடைத்த வசதி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

சிகிச்சைக்கு இதில் என்ன இருக்கிறது

இன்சுலாவை வெட்டி எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. வலி, சுவை, உடம்பின் அகநிலை, பிறர் முகத்தின் அருவருப்பை உணர்வது எனப் பலவற்றில் அதற்கு வேலை இருக்கிறது. சீனாவில் போதைக்கு அடிமையானவர்களின் மூளையில் வேறொரு சிறு பகுதியைச் சுட்டழிக்கும் அறுவை சிகிச்சை நூற்றுக்கணக்கானவர்களுக்குச் செய்யப்பட்டு, 2004-ல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அதை நிறுத்தியது. அந்தப் பாதைக்குத் திரும்ப வேண்டியதில்லை.

மண்டை ஓட்டைத் திறக்காமல், காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் முறை இப்போது இருக்கிறது. முன்மூளையின் பக்கவாட்டையும் இன்சுலாவையும் குறிவைக்கும் ஒரு கருவிக்குப் புகைப்பதை விட உதவும் சிகிச்சையாக 2020-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. 262 பேரிடம் நடந்த சோதனையில் உண்மையான துடிப்புப் பெற்றவர்களில் 19.4 சதவீதமும் போலித் துடிப்புப் பெற்றவர்களில் 8.7 சதவீதமும் தொடர்ந்து நான்கு வாரம் புகைக்காமல் இருந்தார்கள். இரண்டு மடங்குக்கு மேல் என்று விளம்பரம் செய்யலாம். ஐந்தில் நான்கு பேருக்கு அதுவும் போதவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது.

அந்தக் கருவி எட்டாதவர்களுக்குக் கையில் இருப்பவை நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டும் பட்டை, வரெனிக்லின் போன்ற மாத்திரைகள், ஆலோசனை. வரெனிக்லின் நிக்கோட்டினுக்குரிய அதே ஏற்பியில் போய் உட்கார்ந்து, பாதியளவு மட்டும் தூண்டுகிறது. ஏற்பி வெறுமையாக இருப்பதால் வரும் தவிப்பு அடங்குகிறது, மேலே ஒரு சிகரெட் புகைத்தாலும் பழைய திருப்தி வருவதில்லை. மாத்திரை எடுப்பதைத் தோல்வி என்று நினைத்து, 'வைராக்கியத்தால விட்டாத்தான் கௌரவம்' என்று மறுப்பவர்கள் நம்மிடம் அதிகம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவரிடம் யாரும் வைராக்கியம் கேட்பதில்லை.

குடும்பத்தாரிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. விட முயல்பவர் எரிந்து விழும் முதல் இரண்டு வாரங்களில் 'பார்த்தியா, உன்னால முடியாது' என்று சொல்லாதீர்கள். இரண்டு மாதம் கழித்துத் திடீரென ஆசை கிளம்பினால் அது பழைய தூண்டுதல் எதையோ பார்த்ததால் வந்தது. எங்கே, எந்த நேரம், பக்கத்தில் யார் என்று அவரோடு உட்கார்ந்து குறித்து வையுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடத்தில் தணியும். அந்தச் சில நிமிடத்துக்கு ஒரு நடையோ, ஒரு டம்ளர் தண்ணீரோ, ஒரு போன் அழைப்போ முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் புதிதாக யோசிக்கச் சொன்னால் யோசனை எந்தப் பக்கம் பேசும் என்பது தெரிந்ததே. இந்தியாவில் இருப்பவர்கள் சிகரெட், பீடி, புகையிலைப் பாக்கெட்டுகளின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.